நடைபாதையில் மருத்துவம்: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

சென்னைத் தெருக்களில் வசிப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி தூரமில்லை. சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ராயபுரம் பக்கம் ஸ்டான்லி, அப்புறம் கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை. எல்லாவற்றிலும் வைத்தியம் இலவசம். இருந்தும் வால்டாக்ஸ் ரோட்டு நடைபாதையில் ஒருவர் அழுகிய காலோடு படுத்திருக்கிறார். ஏன்? அவரைக் கூட்டிப்போக ஆள் இல்லை. போனால் மூட்டையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கே "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டால் "நான்தான்" என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் மாத்திரையைப் பற்றி கொஞ்சமும் கூடப் போவதைப் பற்றி நிறையவும் இருக்கும்.

மருத்துவர், நர்ஸ், மருத்துவ மாணவர், வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்க முடிகிற சாதாரண ஆள், எல்லாரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். உதாரணங்கள் சென்னையைச் சேர்ந்தவை. மதுரை, கோவை, திருச்சிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. முகாம் போடாதீர்கள், தெருவைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது "ஒரு மெடிக்கல் கேம்ப் போடலாம்" என்பதுதான். ஷாமியானா, பேனர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருநூறு பேருக்கு வைட்டமின் மாத்திரை. அன்று பிரஷர் 200 என்று தெரியவந்த ஆளுக்கு மறுநாள் யார் மாத்திரை கொடுப்பது? ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் அதே கிழமை, அதே நேரம், அதே முகங்கள். மூன்று மாதம் இப்படிப் போனால், உங்களைத் தேடி அவர்களே வருவார்கள்.

நேரம் முக்கியம். நடைபாதைவாசிகளில் பெரும்பாலானவர்கள் வேலை செய்கிறவர்கள். லோடு ஏற்றுவார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுவார்கள், பழைய பேப்பர் பொறுக்குவார்கள், கல்யாணச் சமையலுக்குப் போவார்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் நடக்க முடியாத கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். பாரிமுனை, பிராட்வே பக்கம் என்றால் கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் படுக்கை விரியும்.

குழுவில் நான்கு பேர் போதும். பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், கட்டுப் போடத் தெரிந்த ஒருவர், நோட்டு எழுத ஒருவர், அந்தத் தெருவைத் தெரிந்த ஒருவர். இவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். நான்காவது ஆள் கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1992இல் ஜிம் விதர்ஸ் என்ற மருத்துவர் இரவில் தெருத்தெருவாகப் போய் வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது, கூட நடந்தவர் முன்பு தெருவிலேயே வாழ்ந்தவர். அவர் இல்லாமல் அந்தக் கதவு திறந்திருக்காது. உங்கள் தெருவில் அந்த ஆள் பூக்கார அக்காவாக இருக்கலாம், டீக்கடைக்காரராக இருக்கலாம், பல வருடமாக அங்கேயே குடியிருக்கும் ஆயாவாகவும் இருக்கலாம்.

போவதற்கு முன் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை நேரில் பார்த்து, இன்ன கிழமை இன்ன தெருவுக்கு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதி அனுப்பும் சீட்டுக்கு மதிப்பு வருவது அந்த அறிமுகத்தால்தான். காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

2. பையில் என்ன

சுகர் பார்க்கும் கருவி, பிரஷர் கருவி, தெர்மாமீட்டர், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், டார்ச். புண்ணுக்கு சலைன் பாட்டில், காஸ் துணி, ரோலர் பேண்டேஜ், போவிடோன் அயோடின், கையுறை. மாத்திரை என்று பார்த்தால் பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சேற்றுப்புண்ணுக்கான களிம்பு, சிரங்குக்கு பெர்மெத்ரின். இவற்றோடு நெயில் கட்டர், சோப்பு, இரண்டு மூன்று அளவில் ரப்பர் செருப்பு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். கடைசிப் பொருளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆதாரும் ஓ.பி. சீட்டும் மாத்திரையும் ஒரே ஐப்பசி மழையில் கூழாகிவிடும்.

எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் உண்டு. தெரிந்த மருந்துக்கடை கொடுத்த காலாவதி நெருங்கிய சாம்பிள்கள் வேண்டாம். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். கடுமையான வலி மாத்திரைகளும் வேண்டாம். டேபென்டடால் போன்றவை போதைக்குக் கைமாறுவது சென்னையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உங்கள் பையில் அது இருக்கிறது என்ற பேச்சு பரவினால் குழுவுக்கே ஆபத்து. ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் பார்த்து, முழு நாளுக்கும் எண்ணிக் கொடுக்கட்டும். மருத்துவர் வராத இரவில் முதலுதவியும் கட்டும் மட்டும்தான்.

3. முதல் பேச்சு

படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு பேசாதீர்கள். நின்று பேசுகிறவர்கள் அவர்களுக்குப் போலீஸ், இல்லையென்றால் காலி செய்யச் சொல்லும் ஆள். உட்காருங்கள். மூட்டையைத் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். ஐயா, அம்மா, அண்ணா, ஆயா என்று வயதுக்கு ஏற்றபடி கூப்பிடுங்கள். "என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிப்பதைவிட "சாப்டீங்களா?" என்று ஆரம்பிக்கலாம். மரியாதையான கேள்வி, மருத்துவக் கேள்வியும்கூட. சுகர் மாத்திரை போடுகிறவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பாஸ்டனில் 1985இல் வீடற்றோர் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்த ஜிம் ஓ'கானல் என்ற இளம் மருத்துவரிடம் அங்கிருந்த நர்ஸ்கள், ஸ்டெதாஸ்கோப்பை உள்ளே வை, முதலில் இவர்கள் காலைக் கழுவு என்றார்களாம். நம் ஊருக்கும் இது பொருந்தும். கால் விரல் இடுக்கைப் பார்க்கிறேன், நகம் வெட்டிவிடுகிறேன் என்று சொன்னால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை. காலைப் பார்த்தால் சுகர், தொழுநோய், வீக்கம், இதயம், சிறுநீரகம் என்று பாதிக் கதை தெரிந்துவிடும்.

போட்டோ எடுக்காதீர்கள். முடி வெட்டி, குளிப்பாட்டி, 'முன்பு, பின்பு' என்று வீடியோ போடுகிறவர்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. அந்த மனிதரின் தங்கை எந்த ஊரிலோ அதைப் பார்ப்பாள். சிகிச்சைக்காகப் புண்ணைப் படம் எடுக்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டு, முகம் வராமல் எடுங்கள்.

4. "குடிச்சுட்டு கிடக்கறான்"

தெருவில் உயிர் போவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். பக்கத்தில் பாட்டில் கிடக்கலாம், வாயில் வாடை அடிக்கலாம். அப்போதும் நீங்கள் பார்த்தாக வேண்டும். கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள், மூச்சைப் பாருங்கள். தலையில் வீக்கம், காதில் மூக்கில் ரத்தம் இருக்கிறதா, இரண்டு கண்மணியும் ஒரே அளவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரலில் குத்தி சுகர் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சோடாவைக்கூட. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தினமும் குடிக்கிறவர் திடீரென்று குடிக்காமல் இருந்தால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பிதற்றல் வரும். கால் முறிந்து வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் 'பைத்தியம் பிடித்து' எழுந்து ஓடுவது பல சமயம் இதனால்தான். அட்மிஷன் போடும்போதே "இவர் தினமும் குடிப்பவர், சரியாகச் சாப்பிடாதவர்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவதா, நடுக்கத்துக்கு மருந்து கொடுப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். சொல்வது உங்கள் வேலை.

கத்திரி வெயிலில் உடம்பு கொதித்து, உளறுகிற ஆளை வண்டி வரும்வரை வெயிலில் விடாதீர்கள். நிழலுக்கு இழுத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குளிர வைப்பதுதான் முதல் சிகிச்சை. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலா என்று பார்க்க அனுப்புங்கள்.

5. புண்

உங்கள் வேலையில் பாதி இதுதான். புண்ணைத் திறந்தால் சுண்ணாம்போ காப்பித்தூளோ மூக்குப்பொடியோ அப்பியிருக்கும். திட்டாதீர்கள். அவருக்குக் கிடைத்த வைத்தியம் அது. சலைனால் நன்றாகக் கழுவி, ஒட்டியிருப்பதை ஊறவைத்து எடுத்து, ஈரம் வாங்கும்படி காஸ் வைத்துக் கட்டுங்கள். அடுத்த வாரம்வரை அந்தக் கட்டு தாங்காது. அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்ற சுகாதார நிலையத்துக்கு யார் கூட்டிப்போவது என்று அங்கேயே பேசி முடியுங்கள். அவரே மாற்றிக்கொள்ள முடிந்தால் கவரில் பொருளைப் போட்டுக் கொடுத்து, ஒருமுறை உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லிப் பாருங்கள்.

புழு வைத்திருந்தால் பதற வேண்டாம். ஆனால் அது தெருவில் முடிகிற வேலை இல்லை. மூடிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கருத்த விரல், நாற்றம், முழங்கால்வரை ஏறும் சிவப்பு, குளிர்காய்ச்சல் இருந்தாலும் அன்றிரவே போக வேண்டும்.

வலிக்காத புண்ணை ஒருபோதும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது சுகர், இல்லையென்றால் தொழுநோய். உடம்பில் வெளிறிய தேமல் இருந்து, அங்கே பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். தொழுநோய்க்கான கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ. மருந்து ஆரம்பித்தவரிடமிருந்து தொற்று பரவாது என்பதைப் பக்கத்தில் படுப்பவர்களிடமும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவரைத் தெருவிலிருந்தும் துரத்திவிடுவார்கள்.

நாய்க்கடி தரையில் தூங்குகிறவர்களுக்கு அடிக்கடி வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு முறை. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை என்று கேளுங்கள். நான்காவது ஊசிக்குத்தான் ஆள் காணாமல் போவார். தேதியை உங்கள் நோட்டிலும் டீக்கடைக்காரர் காலண்டரிலும் எழுதி வையுங்கள்.

6. தினசரி மாத்திரை

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீடு இல்லாதவருக்கு? அந்தப் பகுதியின் பணியாளரைக் கண்டுபிடித்து, இந்த மின்கம்பத்துக்குக் கீழே இருப்பவர் என்று அறிமுகப்படுத்துவது உங்கள் வேலை.

மாத்திரை சாப்பிடவில்லை என்று சொல்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள். 'நீர் மாத்திரை' போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். ராத்திரி கழிப்பறை பூட்டியிருக்கும். பெண் என்றால் இருட்டில் எங்கே போவது? மருத்துவரிடம் சொல்லி நேரத்தையோ மருந்தையோ மாற்றிக் கேளுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பாடு இல்லாத நாளில் போட்டால் சுகர் ஆபத்தாக இறங்கும். "சாப்பாடு கிடைச்சா மாத்திரை, கிடைக்காட்டி போடாதீங்க" என்று மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் மாத்திரை நேரத்தை அதன் இட்லி நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். இன்சுலின் பாட்டிலுக்குப் பால் பூத் ஃபிரிட்ஜில் இடம் கேட்டுப் பாருங்கள், பலர் மறுப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக்குறைவு என்றால் சளி பரிசோதனை. காசநோய் மருந்து குறைந்தது 6 மாதம், இலவசம். "தெருவில் இருப்பவர் எங்கே ஒழுங்காகச் சாப்பிடப் போகிறார்" என்று யாராவது உச்சுக்கொட்டினால் ஒன்றைச் சொல்லலாம். நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது இதே சென்னைதான், சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம். படுக்கையும் காற்றும் தீர்மானிக்கவில்லை, மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது தீர்மானித்தது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லாதவருக்கு அதைத் திறந்து கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

7. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது

ஓ.பி. காலையில்தான். முந்தின இரவே பேசி வைத்துவிட்டு, காலையில் நீங்களே போய் அழையுங்கள். "வந்துடுங்க, கேட்ல நிக்கறேன்" என்றால் வரமாட்டார். குளித்து மாற்றிக்கொள்ள ஒரு சட்டையோ புடவையோ கொண்டுபோங்கள். அழுக்கைப் பார்த்து ஒதுக்குவது தவறுதான், ஆனால் அந்த வரிசையில் நிற்கப்போவது அவர். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எதுவானாலும் கவரில் இருக்கட்டும்.

அடையாள அட்டை இல்லாவிட்டாலும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்தவரை ஒன்றன்பின் ஒன்றாக மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை தராமல் இருப்பது வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். கொண்டுவந்து சேர்த்தவர் பெயர், முகவரி சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் சட்டம் பேசிச் சண்டை போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டியூட்டியில் தூக்கம் கெட்டு நிற்கும் பயிற்சி மருத்துவரும் நம் பக்கத்து ஆள்தான்.

வார்டில் சேர்த்த பிறகு விட்டுவிட்டு வந்தால், இரண்டு நாளில் கேஸ் ஷீட்டில் 'ஆப்ஸ்காண்ட்' என்று எழுதியிருப்பார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் காரணம் சின்னதாக இருக்கும். மூட்டையை மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம். பீடி கிடைக்கவில்லை. வளர்த்த நாய்க்குச் சோறு யார் போடுவது? கூட இருந்த பேரப்பிள்ளை எங்கே தூங்குகிறான்? சேர்ப்பதற்கு முன்பே இவற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூட்டையை யார் பார்த்துக்கொள்கிறார் என்று அவர் கண்ணெதிரில் ஒப்படையுங்கள். தினம் ஒருவர் பத்து நிமிடமாவது போய் எட்டிப்பார்த்தால் போதும், நர்ஸ் அக்காவுக்கும் "இவருக்கு ஆள் இருக்கு" என்று தெரியும்.

டிஸ்சார்ஜ் செய்யும் நாளுக்கு முன்பே "எங்கே போகப் போகிறார்?" என்ற கேள்வியை எழுப்புங்கள். அறுவை சிகிச்சை செய்த காலோடு நடைபாதைக்குத் திரும்பினால் எல்லாம் வீண். தொண்டு நிறுவனங்கள் மூலம் மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகங்கள் ஆண், பெண், மனநலம் பாதித்தவர்கள் என்று தனித்தனியாக இருக்கின்றன. இடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்பகம் வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை. அப்போது கட்டும் மாத்திரையும் நடைபாதைக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் எடுத்து வையுங்கள், காகிதம் தங்காது. பெரிய சிகிச்சை வரும் என்று தெரிந்தால் முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு முன்கூட்டியே அலையத் தொடங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழ் என்ற சான்றும் குடும்ப அட்டையும் கேட்பார்கள். அதற்கே நாள் பிடிக்கும்.

8. மனநலம் குன்றியவர்

தனியாகப் பேசிக்கொண்டு, குப்பையிலிருந்து சாப்பிடுபவரை நான்கு பேர் சேர்ந்து வேனில் ஏற்றுவது மீட்பு ஆகாது. முதல் சில வாரம் ஒரு டீ, பிஸ்கட், பெயர் கேட்பது. அவ்வளவுதான். தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை, ஆபத்தான நிலை என்றால் 2017 மனநலச் சட்டத்தின் 100ஆவது பிரிவு இருக்கிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் பலருக்கு இந்தப் பிரிவு நினைவில் இருக்காது, அதனால் அச்சடித்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் தவிர, வீடற்ற மனநோயாளிகளுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் பல மாவட்டங்களில் நடக்கின்றன. பெண்களுக்கு என்றால் 1993இலிருந்து சென்னையில் வேலை செய்யும் பேனியன் அமைப்பிடம் கேட்கலாம். ஆலோசனைக்கு, அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. பெண்களுக்கு ஆபத்து என்றால் 181, குழந்தைகளுக்கு 1098.

9. நோட்டும் நீங்களும்

பெயர், தோராயமான வயது, எங்கே படுப்பார், அடையாளம், என்ன பார்த்தோம், அடுத்து என்ன, யார் பொறுப்பு. இவ்வளவு எழுதினால் போதும். ஆதார் எண்ணை எழுதி வைக்காதீர்கள். நோட்டு தொலைந்தால் நஷ்டம் அவர்களுக்கு. யாருக்கு என்ன நோய் என்று பக்கத்துப் பாயில் இருப்பவரிடம் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். சுவர் இல்லாத இடத்தில் ரகசியம் காப்பது கஷ்டம், அதனால் குரலைத் தாழ்த்தப் பழகுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் ஊசிகளைப் போட்டுக்கொண்டு வாருங்கள். குத்திய ஊசியைப் போட மூடியுள்ள டப்பா வேண்டும். இருமுகிறவரிடம் மாஸ்க் போடுங்கள், ஏன் என்றும் அவரிடம் சொல்லுங்கள். கையில் காசு கொடுப்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. குழுவாகப் போகும்போது தனியாள் காசு கொடுப்பது சண்டையில் முடியும் என்பது என் எண்ணம். தேவைப்பட்டால் குழுவின் பொதுப்பணத்திலிருந்து ஆட்டோவுக்கும் மருந்துக்கும் செலவு செய்யுங்கள்.

வேலை மாறி, ஊர் மாறி, படிப்பு முடிந்து நீங்கள் விலகும் நாளும் வரும். ஒரு மாதம் முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். புதிதாக வருகிறவரை இரண்டு மூன்று வாரம் கூடவே அழைத்துப்போய், ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். காசநோய் மருந்து நடுவில் இருப்பவர்கள், நாய்க்கடி ஊசி பாக்கி உள்ளவர்கள், கட்டு மாற்ற வேண்டியவர்கள் ஆகிய மூன்று பட்டியலையும் தனித் தாளில் எழுதி, நோட்டோடு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.